பருப்புத் தண்ணி

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியரா முப்பது வருஷம் ஊர் ஊரா நடந்தவ நான். பச்சப்பிள்ளைகளோட ஊட்டச்சத்துக் குறைவைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் எங்க பேசினாலும் பருப்புத் தண்ணியிலதான் ஆரம்பிப்பேன். என்னைத் தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பாங்க.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு. அம்மா சொளவை மடியில வச்சுப் பீடி சுத்துறா. ஆயிரம் முடிக்கணும், தலை நிமிரல. பக்கத்துல ஆச்சி, பீடி இலை வெட்டுற கத்திரியைக் கீழ வச்சுட்டு, ஒன்றே கால் வயசுப் பேரனுக்கு ஊட்டுறாங்க. கிண்ணத்துல மஞ்சளா, தெளிவா, பருப்பு வெந்த தண்ணி. பருப்பு எங்கன்னு கேக்கீங்களா? அது பெரியவங்க சாம்பாருக்குப் போயிட்டு.

நாடாவை எடுத்துப் பிள்ளையோட மேல்கையைச் சுத்திப் பாத்தேன். 12 சென்டிமீட்டர். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 12.5-க்குக் கீழ இறங்கினா கவனிக்கணும், 11.5-க்குக் கீழ போனா ஆபத்து.

"வேளை தவறாமக் குடுக்கேன் தாயி"ன்னாங்க ஆச்சி. பொய்யில்ல. நான் கரண்டியை வாங்கிச் சரிச்சேன். அத்தனையும் ஒழுகிட்டு. "கரண்டியில நிக்காதது உடம்புல எப்படி ஆச்சி நிக்கும்?"னேன். கொஞ்சம் வாய்க்கொழுப்புதான், ஆனா ஆச்சிக்குப் புரிஞ்சுது.

பிள்ளை வயிறு சின்னது. ஒரு டம்ளர் கொள்ளும், அதைத் தண்ணியே அடைச்சுக்கிட்டா? பருப்பை மசிச்சு, குழைஞ்ச சோத்துல ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கெட்டியா ஊட்டணும். முட்டையும் கொடுக்கலாம். ஆறு மாசம் முடிஞ்ச பிள்ளைக்குச் செரிக்கும். மசிச்ச பருப்புங்க, பருப்புத் தண்ணி இல்ல.

அந்த அம்மாவை ஏசிட்டு வர்றது லேசு. ஆனா கெட்டிச் சோறு ஊட்ட அரைமணி நேரம் ஆகும். அது அம்பது அறுபது பீடி. தண்ணின்னா அஞ்சு நிமிஷத்துல இறங்கிரும். வறுமைன்னா அரிசி இல்லாதது மட்டுமில்ல, இந்த அரைமணி நேரம் இல்லாததும்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை வயசுக்கேத்த உயரம் இல்ல. அரிசி வாங்குற வீட்டுலயும்தான்.

காப்பியில வர்க்கி நனைச்சுக் கொடுக்கிறதை ஆரம்பிச்சா... ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. வயித்துப்போக்கைப் பத்தித்தான் நிறையச் சொல்ல இருந்தேன். பேதின்னா உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுங்க. துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்னாலும் நிறுத்தாதீங்க. தாய்ப்பாலையும் சோத்தையும் நிறுத்தவே கூடாது. பேதி நின்ன பிறகு ரெண்டு வாரம், தினம் ஒரு வேளை கூடுதலா ஊட்டுங்க. பருப்போட. வணக்கம்.