முட்டை குடுக்குற பொண்ணைப் பத்தி யாரு கேக்குறா?

வணக்கம்ங்க. குழந்தையின்மை சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு கவுன்சலிங் குடுக்குறது என் வேலை. டோனர் முட்டைதான், அதாவது வேற ஒரு பொண்ணு தானமா குடுக்குற கருமுட்டைதான் வழின்னு டாக்டர் சொன்னதும் எங்கிட்ட வந்து முதல்ல கேக்குறது, குழந்தை யார் ஜாடையில இருக்கும், கலர் எப்படி, என்ன ஆளுங்க, இதுதான். அந்த முட்டையைக் குடுக்குற பொண்ணு எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த ஏஆர்டி சட்டத்துல, அதாவது செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான சட்டத்துல, டோனர் பத்தின விதி நிறைய அந்தப் பொண்ணை மனசுல வச்சு எழுதுனதுதாங்க.

முட்டை குடுக்க வயசு 23லருந்து 35, விந்தணுன்னா 21லருந்து 55. ஒரு பொண்ணு ஆயுசுக்கும் ஒரே தடவைதான் குடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது, ஒரு டோனர் குடுத்தது ஒரு தம்பதிக்கு மட்டும்தான். இவ்ளோ கறாரா ஏன்னா, விந்தணு குடுக்குற மாதிரி லேசு இல்ல இது, தினமும் ஹார்மோன் ஊசி, அப்புறம் மயக்கம் குடுத்து ஊசியால உறிஞ்சி எடுக்கணும், சில பேருக்கு சினைப்பை வீங்கி வயித்துல நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

2022ல ஈரோட்டுல வந்த கேஸ் ஞாபகம் இருக்கும். 16 வயசுப் பொண்ணு, போலி ஆதார்ல வயசைக் கூட்டிக் காட்டி பல ஆஸ்பத்திரியில திரும்பத் திரும்ப முட்டை எடுத்திருக்காங்கன்னு புகார், கைதானவங்கள்ல பெத்த அம்மாவும் ஒருத்தர், நடுவுல புரோக்கர் வேற. சட்டம் அப்பவே அமல்ல இருந்துச்சுங்க!

ஏழுங்கற கணக்குல டாக்டருங்களுக்கு வருத்தம் உண்டு, அதுல நியாயமும் இருக்கு. ஊசி போட்டா எத்தனை முட்டை வளரும்னு யாரும் எண்ணி வளர்க்க முடியாது, பத்து பதினஞ்சு கூட வரும். எடுத்த ஏழும் கருவாகும்னும் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அதை விட உறுத்துறது காசு விஷயம். முட்டையை விக்கிறது குத்தம், டோனர் பிடிக்க புரோக்கர் வைக்கிறது குத்தம், முதல் தடவை மாட்டுனா 5 லட்சத்துலருந்து 10 லட்சம் அபராதம், மறுபடியும்னா ஜெயில். சரி, காசே இல்லாம முன்னப்பின்ன தெரியாத ஒரு தம்பதிக்காக இத்தனை ஊசி குத்திக்க யாருங்க வருவா? வர்றவங்க கஷ்டப்பட்ட குடும்பத்துப் பொண்ணுங்கதான்னு எல்லாருக்கும் தெரியும், காகிதத்துல மட்டும் அது தானம்.

சிகிச்சையில மிச்சமான எம்ப்ரியோவை, அதாவது லேப்ல உருவாக்குன கருவை, குழந்தை இல்லாத இன்னொருத்தருக்குக் குடுத்துடலாமான்னு நல்ல மனசோட கேக்குறாங்க, நம்ம ஊர்ல முடியாது. அந்தத் தம்பதிக்குன்னே வைக்கணும், அதுவும் 10 வருஷம் வரைக்கும்தான், அப்புறம் அழிய விடணும் இல்லன்னா சம்மதம் வாங்கி ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம். வாடகைத்தாய் வழின்னா டோனர் முட்டை, விந்தணு எதுவுமே கூடாதுன்னு 2023ல மத்திய அரசு விதி போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2024ல மெடிக்கல் போர்டு சான்றிதழோட, முட்டை, விந்தணு ரெண்டுல ஒண்ணாவது தம்பதியோடதா இருக்கணும்னு தளர்த்துனாங்க. கணவர் இறந்தவங்க, டைவர்ஸ் ஆனவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, சொந்த முட்டைதான். ஏன்னு எனக்கு இன்னும் புரியல.

பிறக்குற குழந்தை சட்டப்படி முழுக்க உங்க குழந்தை, டோனருக்கு எந்த உரிமையும் இல்ல. அதுல பயமே வேண்டாம். பிரிட்டன்ல 2005லருந்து குடுத்த டோனர் யாருன்னு குழந்தைக்கு 18 வயசு ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், இங்க அந்த உரிமை இல்ல.

டோனர் பொண்ணுக்கு 12 மாசத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியது சிகிச்சை எடுத்துக்குற நீங்க. பில்லுல எல்லாம் சேர்த்துட்டோம்னு கிளினிக்ல சொல்லுவாங்க. பேர் தெரிய வேணாம், பாலிசி நிஜமாவே போட்டாச்சான்னு கேளுங்க, டோனரை ஏற்பாடு பண்ற ஏஆர்டி பேங்க்கோட பதிவு நம்பரையும் கேளுங்க. முகம் சுளிச்சாங்கன்னா வேற இடம் பாருங்க.