ஏஜென்சிக் காசும் தலைவரியும்

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவில் ஆசியப் புலம்பெயர் பண்பாடு படிக்கிறேன் என்றால், ஊரில் எல்லோரும் கேட்பது, "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம், பிள்ளை?" சரி, பதில் இன்னும் கைவசம் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் எனக்கு ஆட்கள் கிடைத்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

காணியை ஈடுவைத்து, நகையை அடகுவைத்து, வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டின கதை இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா? கனடாவுக்குப் போன சீனருக்கும் அதே கதைதான். என்ன, அவர்களிடம் காசு வாங்கியது அரசாங்கம். ரயில்பாதைக்குச் சீனரின் உழைப்பு வேண்டியிருந்தது. பாதை முடிந்த அதே 1885இல், உள்ளே வரும் சீனருக்குத் தலைக்கு 50 டொலர் வரி. 1903இல் அது 500. கூலியாள் ஒருவரின் இரண்டு வருட உழைப்பு, நேயர்களே!

கூடப் படிக்கும் சீனப் பிள்ளை ஒருத்தி, பூட்டனாரின் வரிச் சான்றிதழைப் பிரதியெடுத்து வந்தாள். மூலையில் ஒரு சின்னப் படம். கழுத்துப் பொத்தான் பூட்டி, சிரிப்பே இல்லாத இளந்தாரி. மற்றவர்கள் தொகையைப் பார்த்தார்கள். நான் கேட்டது, "கடன் அடைஞ்சதா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கடன் அடைந்ததாம், மனைவியைத்தான் கூப்பிட முடியவில்லையாம். 1923 முதல் 1947 வரை சீனர் வருவதையே சட்டம் போட்டு மறித்திருந்தார்கள். ஸ்பொன்சர் சரிவருமென்று வருடக்கணக்காகக் காத்திருந்த எங்கள் ஊர் அக்காமாரைப் பற்றி நான் சொன்னேன். வகுப்பு முடிந்தும் இருவரும் எழும்பவில்லை.

பிறகு வியட்நாம் பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள், பெற்றோர் படகில் வந்தவர்கள். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றியதை அவளுக்குச் சொன்னேன். பிலிப்பைன்ஸ் பெடியன் ஒருவனும் வந்தான். சனிக்கிழமைகளில் கூடிச் சமைப்போம். கருவாடு பொரித்தால் ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு கருவாடு இருந்திருக்கிறது. எனக்கு அந்த நாட்டில் வீட்டு நினைப்பு கொஞ்சம் அடங்கியது அந்தக் குசினியில்தான்.

மலாயாப் பென்சனியர் பற்றியும் நிறையக் குறித்து வந்தேன். எங்கள் ஊரிலிருந்து மலாயாவுக்குப் போய், ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைசெய்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, கல்வீடு கட்டினவர்கள். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார். பழைய மலாயாக் கடிதமோ படமோ வீட்டில் இருந்தால் எரித்துவிடாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன். வணக்கம்.