மாதிரி மேசைக்குள்ளேயே இருக்கட்டும்

வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓவியம், கைவேலை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். விடுமுறை நாளில் "போரடிக்குது, என்ன செய்யட்டும்?" என்று பிள்ளை வந்து நிற்கும் வீட்டுக்காரர்களும் இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன். முக்கியமான அளவுகளை இரண்டு முறை சொல்வேன், அதனால் பேனாவைத் தேட வேண்டாம்.

ஒரு வகுப்பறைச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வண்ணத்துப்பூச்சிகள். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள், ஒரே இடத்தில் புள்ளி, ஒரே வளைவில் மீசை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பெயரை மறைத்துவிட்டு எது உன்னுடையது என்று கேட்டால், செய்த பிள்ளைக்கே தெரியாது. ஆசிரியர் செய்த ஒன்றை நாற்பது ஜோடிக் கைகள் நகல் எடுத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் கரும்பலகையில் முன்னாலேயே ஒட்டி வைத்த மாதிரி. முடிந்த மாதிரி கண்ணெதிரே இருந்தால் பிள்ளை மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: என்னுடையது அதைப் போல வந்திருக்கிறதா? அதனால் நான் சொல்வது இது: செய்முறையைக் காட்டுங்கள், முடிவைக் காட்டாதீர்கள். பசை எப்படித் தடவுவது, கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, இதையெல்லாம் ஒரு கழிவுத் தாளில் செய்து காட்டிவிட்டு, அந்தத் தாளை மேசைக்குள் போட்டுவிடுங்கள்.

அதற்காக "எதை வேண்டுமானாலும் வரை" என்றும் விட்டுவிடக் கூடாது. அப்படி விட்டால் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு வீடு. வேறு எதுவும் வராது. ஒரு கேள்வி கொடுங்கள், கூடவே ஒரு கட்டுப்பாடும் கொடுங்கள். "ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்குது?" இது கேள்வி. "மூன்று நிறம்தான், பென்சில் கிடையாது" இது கட்டுப்பாடு. இந்த இரண்டையும் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

அந்த ராத்திரிக் கேள்விக்குப் பொருத்தமான வேலை ஒன்று இருக்கிறது. மெழுகு கிரேயானும் வாட்டர் கலரும். வெள்ளைத் தாளில் வெள்ளை கிரேயானால் வரைந்து, அதன் மேல் நீல வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசினால், வரைந்தது மட்டும் வெளுப்பாக எழும்பி நிற்கும். மெழுகு தண்ணீரை ஏற்காது, இதில் இருக்கும் விஷயம் அவ்வளவே. எல்லாரும் அறிந்த வேலைதான், ஆனாலும் பாதி வகுப்புகளில் சொதப்புகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தவறு, கிரேயானை மெதுவாகத் தேய்ப்பது. தாளின் மேற்பரப்பு சொரசொரப்பானது, மேடும் பள்ளமுமாக இருக்கும். லேசாகத் தேய்த்தால் மெழுகு மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளம் வழியாக வண்ணம் உள்ளே இறங்கிவிடும். ஒரே கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை அழுத்திப் போகச் சொல்லுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெழுகு பளபளக்கும். வெள்ளையில் வெள்ளை வரையும் பிள்ளைக்குத் தான் எங்கே வரைந்தோம் என்பதும் அப்படிச் சாய்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது தவறு, வண்ணம் கெட்டியாக இருப்பது. கெட்டியான போஸ்டர் கலர் மெழுகையும் சேர்த்து மூடிவிடும். ஒரு தேக்கரண்டி வண்ணத்துக்கு நாலைந்து தேக்கரண்டி தண்ணீர். மறுபடி சொல்கிறேன், ஒன்றுக்கு நான்கு அல்லது ஐந்து. கரண்டிக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், கரைத்ததைப் பழைய செய்தித்தாளில் ஒரு இழுப்பு இழுங்கள். அச்செழுத்தைப் படிக்க முடிந்தால் சரி. எழுத்து மறைந்தால் இன்னும் தண்ணீர் விடுங்கள்.

மூன்றாவது, பிரஷ். ஒரு அங்குல அகலப் பிரஷ்ஷால் இடமிருந்து வலம் ஒரே இழுப்பு, அடுத்தது அதற்குக் கீழே. திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நைந்து பஞ்சாகிவிடும். நகலெடுக்கும் மெல்லிய தாள் இதற்குத் தாங்காது, நனைந்ததும் அலை அலையாகச் சுருங்கும். ஓவியத்துக்கென்று விற்கும் தடித் தாள் வேண்டும். 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் நல்லது; ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. இன்னொன்று, கிரேயானில் தண்ணீரில் கரையும் வகை உண்டு. அது வண்ணத்தைத் தடுக்காது, கூடவே கரைந்து வரும். வகுப்புக்கு முந்தின நாளே ஒரு துண்டுத் தாளில் சோதித்துவிடுங்கள்.

வண்ணம் ஈரமாக இருக்கும்போதே நாலு கல் உப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரையும் வண்ணத்தையும் இழுக்கும். காய்ந்ததும் தட்டிவிட்டால் நட்சத்திரம் பூத்ததுபோல் வெளிர்ப் புள்ளிகள் தெரியும். நேரம் பார்த்துத் தூவ வேண்டும். தாளில் தண்ணீர் தேங்கி நின்றால் உப்பு கரைந்து போகும். காய்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. ஈரப் பளபளப்பு மங்க ஆரம்பிக்கும் அந்த நேரம்தான் சரி. ஆனால் "உப்பு போட்டால் நட்சத்திரம் வரும்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். "போட்டுப் பார், என்ன ஆகுது?" என்று கேளுங்கள். மறுபடியும் அதே பேச்சுதான், முடிவைக் காட்டாதீர்கள்.

காயவைப்பதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். நாற்பது தாளை வரிசையாகத் தரையில் வைத்தால் எட்டு மீட்டருக்கு மேல் போகும். கொடியில் தொங்கவிட்டால் நீலம் வழிந்து நட்சத்திரமெல்லாம் அழிந்துவிடும். அதனால் தரைதான், இரண்டு வரிசையாக. பெயரைத் தாளின் பின்பக்கம், பென்சிலால், ஆரம்பிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். ஈரமான நாற்பது தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து யாருடையது எது என்று தேடுவது பெரும் பாடு. தண்ணீர்க் கிண்ணத்தில் கால்வாசிதான் தண்ணீர், அடியில் ரெண்டு கூழாங்கல். முழங்கை பட்டாலும் சாயாது.

நிறம் கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா நிறத்தையும் முதல் நாளே கொடுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாத் தட்டிலும் சேற்று நிறம்தான் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்பு, அதில் மாற்றமில்லை. ஒரு வாரம் மஞ்சளும் நீலமும் மட்டும், அடுத்த வாரம் மஞ்சளும் சிவப்பும் மட்டும் கொடுங்கள். எப்போதும் வெளிர் நிறத்தை முதலில் எடுத்து, அதில் அடர் நிறத்தைப் பிரஷ் நுனியளவு சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றிப் பச்சை தேடினால் மஞ்சள் டப்பாவே காலியாகும். அப்புறம், சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரும் என்று பாடத்தில் இருக்கும். ஆனால் ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்பை எடுத்தால் அழுக்குப் பழுப்புதான் வரும். அந்தச் சிவப்புக்குள்ளேயே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுங்கள், ஊதா தெளிவாக வரும்.

வெட்டி ஒட்டும் வேலைக்கு வருகிறேன். ஆன்ரி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1941-ல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு நெடுநேரம் நின்று வரைய முடியாமல் போனார். உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுக்க, அவர் உட்கார்ந்தபடியே கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டினார். வெட்டியதைச் சுவரில் ஊசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். இதில் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது: உடனே ஒட்டாதே, முதலில் நகர்த்திப் பார். பசை டப்பாவை முதல் பதினைந்து நிமிடம் வெளியே எடுக்கவே வேண்டாம். எடுத்த பிறகும் பட்டாணி அளவு பசை, ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. ஊற்றினால் தாள் ஈரத்தில் விரிந்து சுருண்டுகொள்ளும்.

கத்தரிக்கும்போது தாள்தான் திரும்ப வேண்டும், கத்தரிக்கோல் அல்ல. கட்டைவிரல் எப்போதும் மேலே பார்த்திருக்க வேண்டும். இடது கைப் பிள்ளை கோணலாக வெட்டுகிறது என்று திட்டாதீர்கள். வலது கைக்குச் செய்த கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், மேல் அலகு வெட்டும் கோட்டையே மறைத்துவிடும். அலகு மாற்றி அமைத்த இடது கைக் கத்தரிக்கோல் கிடைக்கிறது. வகுப்புக்குக் குறைந்தது ரெண்டு இருக்கட்டும்.

வயதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு மனிதர்களை அதன் மேல் நிறுத்தும், வானத்தை உச்சியில் ஒரு நீலப் பட்டையாகப் போடும், நடுவில் வெறும் வெள்ளை. தப்பு என்று திருத்தாதீர்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947-லேயே, ஏழு முதல் ஒன்பது வயது வரை பிள்ளைகள் இடத்தைப் புரிந்துகொள்ளும் முறையே இதுதான் என்று விளக்கியிருக்கிறார்.

அடுத்தது காகிதம் ஒட்டிச் செய்யும் முகமூடி. கடிகாரம் என்னைப் பார்க்கிறது, வேகமாகப் போகிறேன். ஒரு குவளை மைதாவுக்கு இரண்டு குவளை தண்ணீர், ஒன்றுக்கு இரண்டு. கட்டி தட்டாமல் கரைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்பு. உப்பு, பூஞ்சை பிடிப்பதைத் தள்ளிப்போடும். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள், வெட்ட வேண்டாம். கிழிந்த ஓரத்தின் நார்கள் ஒன்றோடொன்று படிந்துவிடும், வெட்டிய ஓரம் விளிம்பாகவே தெரியும். பசையில் தோய்த்ததை இரு விரலுக்கு நடுவே இழுத்து மிச்சத்தை வழித்துவிடுங்கள். முதல் அடுக்கு எழுத்து மட்டும் உள்ள பக்கம், அடுத்தது கலர்ப் படம் உள்ள பக்கம், இப்படி மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போனது என்று பிள்ளைக்கே தெரியும். மூன்று அடுக்கு போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காயல். பலூன் மேல் ஒட்டினால், உள்பக்கம் நன்றாகக் காயும் முன் பலூனைக் குத்தாதீர்கள், உருவம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

களிமண்ணுக்குத் தனியாக நேரம் வைத்திருந்தேன், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காதையும் வாலையும் அப்படியே அமுக்கி ஒட்டினால், மண் காய்ந்து சுருங்கும்போது விழுந்துவிடும். ஒட்டும் இரண்டு இடத்தையும் குச்சியால் கீறி, தண்ணீரில் குழைத்த மண்ணைத் தடவி, பிறகு அமுக்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை லேசாக மேலே போட்டு நிழலில் வையுங்கள், விளிம்பு வெடிக்காது. வணக்கம்.