வீட்டில் மாவு மெஷின்: எந்தத் தானியத்துக்கு அது தேவை?

[காட்சி: எவர்சில்வர் தட்டில் கம்பு, கோதுமை, கேழ்வரகு, பச்சரிசி என்று நான்கு குவியல்கள்]

வணக்கம். வீட்டுக்கு ஒரு மாவு மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் விலை என்ன, எத்தனை எச்பி, சத்தம் எவ்வளவு வரும் என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் தேவையான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் எந்தத் தானியம் அதிகம் செலவாகிறது என்று பாருங்கள். இந்தத் தட்டில் இருக்கும் நாலில் ஒன்றுக்கு இந்த மெஷின் பெரிய உபகாரம். இன்னொன்றுக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வித்தியாசம் எண்ணெயில் இருக்கிறது. 100 கிராம் கம்பில் கொழுப்பு 5 கிராமை ஒட்டி இருக்கும். கேழ்வரகில் 2 கிராமுக்குள். கோதுமையில் ஒன்றரை கிராம். தீட்டிய பச்சரிசியில் அரை கிராம்தான்.

தானியம் முழுசாக இருக்கிறவரை இந்த எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. பெரும்பகுதி முளைக்குள், அதாவது மணியில் செடியாக வளரக்கூடிய கருப் பகுதிக்குள், அடைபட்டுக் கிடக்கும். அதை உடைக்கக்கூடிய லைபேஸ் என்ற நொதியும் அதே மணிக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஒதுங்கி இருக்கிறது. அரைத்ததும் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எண்ணெய் கொழுப்பு அமிலங்களாகப் பிரியும், காற்றும் சேர்ந்துகொள்ளும், காறல் வாடை வரும். கம்பு மாவு நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளிலேயே கசக்க ஆரம்பிப்பது இதனால்தான். கம்பு அடை கசக்கிறது என்று தானியத்தையே ஒதுக்கி வைத்தவர்கள் பலர் பழைய மாவைச் சாப்பிட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். அதே கம்பை மணியாக டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

மைதா ஏன் அவ்வளவு நாள் தாங்குகிறது என்பதற்கும் இதுதான் விடை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய உருளை ஆலைகளில், இரும்பு உருளைகளுக்கு நடுவே கோதுமை நசுங்கும்போது எண்ணெய்ப் பசையுள்ள முளை தூளாகாமல் தகடாக அமுங்கிவிடும். சலித்தால் தவிட்டோடு சேர்ந்து தனியே வந்துவிடும். எண்ணெய் போனால் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

ஆக, வீட்டு மெஷினால் கிடைக்கும் பெரிய லாபம், வேண்டும்போது வேண்டிய அளவுக்குக் கொஞ்சமாக அரைத்துக்கொள்ள முடிவது. தெருமுனை மில்லில் அரைக் கிலோ கம்பை நீட்டினால் யாரும் மெஷினைப் போடமாட்டார்கள். ஐந்து கிலோவாவது கொண்டுபோக வேண்டும், அதைத் தீர்ப்பதற்குள் மாவு கசந்துவிடும். மெஷினை வாங்கிவிட்டு அதிலும் மாதம் ஒருமுறை பத்து கிலோவை மொத்தமாக அரைத்து டப்பாவில் அடைப்பவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. தெருமுனை மில்லே போதும்.

[காட்சி: அலமாரி போன்ற மெஷினின் கதவு திறக்கிறது. உள்ளே வட்டமான அறை, அதைச் சுற்றிச் சல்லடை]

சரி, மெஷினுக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்த அலமாரி வகை. குஜராத்தின் ராஜ்கோட்டில் இதைச் செய்யும் கம்பெனிகள் நிறைய. மேலே தானியம் கொட்டும் தொட்டி, நடுவில் அரைக்கும் அறை, கீழே மாவு விழும் டப்பா, அதன் வாயில் ஒரு துணிப்பை. இதில் கல் கிடையாது. 1 எச்பி மோட்டாரில் பொருத்திய எஃகுத் துண்டுகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று சுற்றித் தானியத்தை அடித்து நொறுக்கும். சுற்றி இருக்கும் சல்லடையின் ஓட்டை வழியாகப் போகிற அளவுக்குப் பொடியானதும் கீழே விழும். ரவையா மாவா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் மாட்டும் சல்லடைதான். சல்லடைக்குப் போட்டிருக்கும் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பக்கத்து வீட்டில் சொல்லும் நம்பரை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொரு வகை கல் மெஷின். சின்னதாக, மிக்ஸி வைக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு கல் நிற்கும், இன்னொன்று சுற்றும். இடைவெளியைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். பாட்டி வீட்டுத் திருகைக்கு மோட்டார் வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் இது. கல் என்றாலும் பெரும்பாலும் மலையில் வெட்டிய கல் இல்லை. குருந்தம் என்கிற மிகக் கடினமான தாதுவைத் தூளாக்கி, அச்சில் வார்த்துச் சுட்டது.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு விதி: முதலில் மோட்டார், பிறகு தானியம். தொட்டியை நிரப்பிவிட்டு ஸ்விட்ச் போட்டால் சுற்ற முடியாமல் மோட்டார் முனகும், சில சமயம் அதோடு போய்விடும். நிறுத்தும்போது தானியம் முழுதும் தீர்ந்து, மெஷின் வெறுமனே ஓடும் சத்தம் கேட்ட பிறகு நிறுத்துங்கள்.

[காட்சி: முறத்தில் கோதுமை. விரல்கள் ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி எடுக்கின்றன]

அரைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். புடைத்து, கல் பொறுக்குவதைத் தவிர்க்கவே முடியாது. சின்ன ஆணியோ கம்பித் துண்டோ உள்ளே போனால் சல்லடை கிழிந்துவிடும். பழைய காந்தம் ஏதாவது வீட்டில் கிடந்தால் தானியத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கழுவினால் நன்றாகக் காய வைக்க வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது. தானியத்தில் ஈரம் 12, 13 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் தொடங்கும். வீட்டில் அளக்கும் கருவி இருக்காது, அதனால் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். டக்கென்று உடைந்தால் சரி. பல்லில் நசுங்கி ஒட்டினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அரைக்காதீர்கள், ஆறட்டும்.

ஈரமாகப் போட்டால் என்ன ஆகும்? அடிக்கும் வகையில் சல்லடை ஓட்டைகள் பசை போட்டாற்போல அடைந்துகொள்ளும். கல் வகையில் கல்லின் மேல் பளபளவென்று ஒரு படலம் படிந்து, அரைக்கிற சொரசொரப்பே போய்விடும். அப்படி ஆகிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி, காய்ந்த அரிசியை ஒரு டம்ளர் போட்டு ஓட்டுங்கள். படலத்தைச் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். அந்த அரிசி மாவை எறிந்துவிடுங்கள், கோலத்துக்கும் எடுக்கலாம்.

[காட்சி: டப்பாவில் மாவு விழுகிறது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை]

இப்போது கோதுமை. அடிக்கும் வகை மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிலோ ஓடும். மெல்லிய சல்லடை போட்டால் இன்னும் மெதுவாகும். ஒரு வாரத்துக்கான இரண்டு கிலோ என்றால் கால் மணி நேரம், இருபது நிமிடம். மின்சாரம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட்.

விழுந்த மாவை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேயுங்கள். மாவு வழுவழுவென்று போக, நடுநடுவே தவிடு மட்டும் தட்டுப்பட்டால் சப்பாத்திக்குச் சரியான பதம். எல்லாமே மணல் மாதிரி நெருடினால் சல்லடையை மாற்றுங்கள். மாவு கை பொறுக்கிற சூட்டில் இருக்கும். இந்தச் சூட்டில் சத்தெல்லாம் செத்துவிடும் என்று ஒரு பிரசாரம் உண்டு. அதே மாவைத்தான் அடுத்து 200 டிகிரி தோசைக்கல்லில் போடப் போகிறோம், அதனால் இந்தப் பயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சூட்டோடு மூடிவைப்பதுதான் தப்பு. மூடியின் உள்பக்கம் வியர்க்கும், அந்த ஈரத்தில் மாவு கட்டி தட்டும், வண்டு வரும். மில்லிலிருந்து வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிடுவோமே, அதே வேலையை இங்கேயும் செய்யுங்கள்.

வீட்டில் அரைத்த மாவில் முதல் சப்பாத்தி சுட்டதும் பலருக்கு ஏமாற்றம். கடை ஆட்டா மாதிரி மெத்தென்று வரவில்லையே என்பார்கள். கடை ஆட்டா பெரும்பாலும் கல் சக்கியில், அதாவது பெரிய கல் ஆலையில், அரைபடுவது. அங்கே அழுத்தமும் சூடும் அதிகம், அதனால் ஸ்டார்ச் துகள்கள் நிறைய சிதையும். சிதையாத ஸ்டார்ச் தன் எடையில் பாதிக்கும் குறைவான தண்ணீரைத்தான் இழுக்கும். சிதைந்தது தன் எடையைப் போல இரண்டு மடங்கு இழுக்கும். சப்பாத்தியின் மிருதுத் தன்மைக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அடித்து நொறுக்கும் மெஷினில் இந்தச் சிதைவு குறைவு. பரிகாரம் எளிது: இருப்பதில் மெல்லிய சல்லடை, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைப்பது. தவிடு ஊறத்தான் அந்த அரை மணி. பிசைந்தவுடன் தேய்த்தால் ஓரம் வெடிக்கும்.

கம்புக்கு இவ்வளவு கவனம் வேண்டாம். இரண்டு, மூன்று நாளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அரையுங்கள். மிஞ்சினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கூழுக்கு என்றால் பெரிய ஓட்டைச் சல்லடை போட்டுக் குருணையாக எடுத்துக்கொள்ளலாம். புதுசாக அரைத்த கம்பின் லேசான இனிப்பை ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தால் பாக்கெட் கம்பு மாவின் பக்கம் போகத் தோன்றாது.

அரிசி வேறு கதை. எண்ணெயே இல்லாததால் உலர்ந்த அரிசி மாவு வெகு நாள் தாங்கும், புதுசாக அரைப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. மேலும் இடியாப்பத்துக்கும் அதிரசத்துக்கும் நாம் எடுப்பது ஊறவைத்து நிழலில் உலர்த்திய, ஈரம் மிச்சமிருக்கும் அரிசி. அதற்கு இந்த மெஷின் ஒத்துவராது. மிக்ஸி, இல்லையென்றால் மில். முறுக்குக்கு நன்றாகக் காய்ந்த அரிசியும் ஆறவைத்த வறுத்த உளுந்தும் தாராளமாகப் போடலாம்.

சத்துமாவில் மட்டும் எச்சரிக்கை. வேர்க்கடலை, முந்திரி, பாதாம், எள் இவற்றைத் தனியாகப் போட்டால் உள்ளே வெண்ணெய் மாதிரி அப்பிக்கொள்ளும். அடிக்கும் வகையில் வறுத்த தானியத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். கல் மெஷினில் அதுவும் வேண்டாம். மிக்ஸியில் பொடித்துக் கடைசியில் கலந்தால் போதும். மிளகாய், மல்லி அடிக்கும் வகையில் அரைபடும். ஆனால் அடுத்த நாள் சப்பாத்தி காரமாக இருந்தால் யாரையும் குறை சொல்லாதீர்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத, சீலியாக் நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்த மெஷினுக்குள் கோதுமையே போகக் கூடாது. எவ்வளவு துடைத்தாலும் மூலையில் மாவு ஒட்டியிருக்கும். பொது மில்லில் கோதுமை ஓடிய பிறகு அரைத்த கேழ்வரகு அவர்களுக்கு ஆகாது என்பதால், மெஷின் வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

[காட்சி: பிரஷ்ஷால் சல்லடையைத் தட்டித் துடைக்கும் கை. துணிப்பை உதறப்படுகிறது]

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கதவைத் திறந்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடு பல மெஷின்களில் உண்டு, அதை மட்டும் நம்பிக் கையை விட வேண்டாம். உலர்ந்த பிரஷ் போதும். துணிப்பையை வீட்டுக்கு வெளியே உதறி, அவ்வப்போது துவைத்துக் காய வைத்து மாட்டுங்கள். மூச்சில் மாவுத் தூசி தொடர்ந்து போனால் சிலருக்கு ஆஸ்துமா வரலாம். பேக்கரியில் வேலை செய்பவர்களுக்கு வரும் தொழில் நோயே அது. காற்றில் மிதக்கும் மாவு தீப்பிடிக்கவும் செய்யும். 1878 மே 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் ஆலை மாவுத் தூசியாலேயே வெடித்து 18 பேர் இறந்தார்கள். நம் வீட்டு அளவில் அவ்வளவு தூசி கிளம்பாது, இருந்தாலும் எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் துணிப்பையை உதறாதீர்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. அலமாரி வகை சுமார் 12,000 ரூபாயிலிருந்து 25,000 வரை இருக்கிறது. மில்லில் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூலி, மாதம் பத்து கிலோ என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,200 ரூபாய். 15,000 ரூபாய் மெஷினின் விலை திரும்பி வரப் பன்னிரண்டரை வருஷம் ஆகும், கரண்ட் பில் தனி. காசு மிச்சமாகும் என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கடைக்குப் போகும்போது கால் கிலோ கேழ்வரகு எடுத்துப் போங்கள். செய்து காட்ட அவர்கள் வைத்திருப்பது கோதுமை. அது எந்த மெஷினிலும் நன்றாகத்தான் அரைபடும். கேழ்வரகு பொடி மணி, சல்லடை ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் முழுசாக நழுவி விழுந்துவிடும். மாவை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், சிவப்பு மணிகள் கண்ணில் பட்டால் இதைவிட மெல்லிய சல்லடை உண்டா என்று கேளுங்கள். அப்படியே, சல்லடை கிழிந்தால் உதிரி எங்கே கிடைக்கும், மோட்டார் பழுதானால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்பதையும் கேட்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.