கேமரா இல்லாமல் ஒரு புகைப்பட வகுப்பு

வணக்கம். புகைப்படம் வழியாக மாணவர்களுக்கு இயற்கையையும் ஓவியத்தையும் சொல்லித்தர விரும்பும் ஆசிரியர்கள், கேமராவுக்கு எங்கே போவது என்று தயங்குகிறார்கள். நம் ஊர் வெயில் போதும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்ற, வெயில் பட்ட இடம் நீலமாகி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும் நீல அச்சு முறையில், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843 முதல் பிரிட்டனின் கடற்பாசிகளைக் கேமராவே இல்லாமல் படமெடுத்துத் தொகுத்தார்.

இதற்கு வேண்டியவை இரண்டு வேதிப்பொருட்கள். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லி நீரிலும் கரைத்துத் தனித்தனிப் பழுப்பு பாட்டில்களில் வையுங்கள். கையுறை போட்டு, ஆசிரியரே கலக்க வேண்டும். வலுவான அமிலம் எதுவும் அருகில் வேண்டாம். வகுப்பன்று இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலக்குங்கள். ஒரு ஏ4 தாளுக்குச் சுமார் 3 மில்லி போதும். ஜன்னலை மூடிய அறையில், கெட்டியான டிராயிங் தாளில் மெல்லியதாகப் பூசி இருட்டில் உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் படம் திட்டுத்திட்டாக வரும்.

இலையைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். பாடமே அங்கேதான் நடக்கிறது. முருங்கை ஈர்க்கு ஒன்றைக் கொடுத்து, "இதில் எத்தனை இலை?" என்று கேளுங்கள். பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள். ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில் மொட்டு இருக்கிறதா, ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இலை கிளையோடு சேரும் இடத்தில்தான் மொட்டு வரும்; இங்கே அது ஈர்க்கின் அடியில் மட்டும்தான் இருக்கும். ஆக, அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை. பிறகு அதைத் தாளில் எங்கே வைப்பது, எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஓவிய வகுப்பும் அதிலேயே வந்துவிடுகிறது.

பறித்தவுடன் வைத்தால் இலையின் ஈரம் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படியும். முந்தைய நாளே செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். அட்டை மேல் தாள், தாள் மேல் இலை, இலை மேல் கண்ணாடி. நான்கு பக்கமும் கிளிப். இலை தாளோடு ஒட்டாமல் தூக்கி நின்றால் விளிம்பு மங்கும். தெளிந்த நடுவெயிலில் 5 முதல் 10 நிமிடம் ஆகும். வெயில் படும் இடத்தில் தாளின் மஞ்சள் கலந்த பச்சை, நீலமாகி, சாம்பல் படர்ந்ததும் எடுத்துவிடலாம். அவசரப்பட்டு முன்பே எடுத்தால் நீலம் தண்ணீரோடு போய்விடும்.

இலை மறைத்திருந்த வெள்ளைப் பகுதியில் மஞ்சள் மறையும்வரை நீரில் அலசுங்கள். சோப்பு பட்ட வாளி வேண்டவே வேண்டாம்; காரம் இந்த நீலத்தை அழித்துவிடும். உப்புக் கிணற்று நீர்தான் கிடைக்கும் என்றால், முதல் அலசலில் சில துளி வினிகர் சேருங்கள். உலர்ந்தபின் நீலம் ஒரு நாளில் அடர்ந்துவிடும். பின்புறம் பென்சிலால் மரத்தின் பெயர், இடம், தேதி எழுதச் சொல்லுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் படம் வெளிறும். கழற்றிச் சில நாள் பீரோவுக்குள் வைத்தால் நிறம் பெருமளவு திரும்பிவிடும்.