பிலிப்பிக்: ஓர் அரசரின் பெயரில் ஒரு வசை

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'பிலிப்பிக்' என்றொரு சொல் உண்டு. ஒருவரைக் குறிவைத்து, ஈவிரக்கம் பாராமல், ஆணிவேர் வரை அலசிக் கண்டிக்கும் பேச்சுக்கு அந்தப் பெயர்.

பெயர் திட்டியவருடையது அல்ல, திட்டு வாங்கியவருடையது. மாசிடோனிய அரசர் இரண்டாம் பிலிப், மகா அலெக்சாண்டரின் தந்தை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டிருந்தபோது, ஏதென்ஸ் மக்கள் மன்றத்தில் எழுந்து எச்சரித்தவர் டெமாஸ்தனிஸ். இளமையில் நாக்குத் தடுமாறியவர், வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க்.

பிலிப்பை எதிர்த்து கி.மு. 351இல் டெமாஸ்தனிஸ் ஆற்றிய முதல் பிலிப்பிக்கைப் படித்தால் வியப்பாக இருக்கும். அடி பலமாக விழுவது பிலிப்புக்கு அல்ல, எதிரே உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்களுக்கு. 'குத்துச்சண்டை பழகாதவன் அடி விழுந்த இடத்தையே பிடித்துக்கொள்வான். வேறு இடத்தில் அடித்தால் கை அங்கே போகும். தடுக்கவும் தெரியாது, எதிராளியின் முகத்தைப் பார்க்கவும் தெரியாது. பிலிப்போடு நீங்கள் போரிடுவதும் அப்படித்தான்' என்கிறார். அந்நாளில் பிலிப் நோயுற்றதாகவும் இறந்ததாகவும் ஊரெங்கும் வதந்தி. அதற்கும் விட்டாரா? 'அவர் செத்தால்தான் உங்களுக்கென்ன? இதே போக்கில் இருந்தால் விரைவிலேயே இன்னொரு பிலிப்பை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்!' கைதட்டலுக்காகப் பேசுகிறவர் வாயில் இப்படி ஒரு வரி வராது.

ஆனால், பேச்சு நாட்டைக் காப்பாற்றவில்லை. கி.மு. 338இல் கெரோனியாப் போரில் பிலிப் வென்றார்.

மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு ரோமில் அந்தப் பெயருக்கு மறுபிறவி. கி.மு. 44 மார்ச்சில் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபின் அவருடைய தளபதி மார்க் ஆண்டனியின் கை ஓங்கியது. ஆண்டனியை எதிர்த்து, 60 வயதைத் தாண்டிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ 14 உரைகளை எழுதினார். டெமாஸ்தனிஸை நினைத்து, சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றை வேடிக்கையாகப் பிலிப்பிக்குகள் என்று குறிப்பிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவற்றுள் பெரும்புகழ் பெற்ற இரண்டாவது உரை மேடையேறவே இல்லை, எழுத்தாகவே உலவியது. திருமண விருந்தொன்றில் குடித்த குடியால் மறுநாள் பொதுச்சபையில், மக்கள் பார்க்க, ஆண்டனி வாந்தியெடுத்ததைச் சிசரோ அதில் சோற்றுப் பருக்கை வரை விவரிக்காத குறையாக எழுதுகிறார். டெமாஸ்தனிஸ் கேட்பவர்களை உலுக்கினார் என்றால், சிசரோ எதிராளியின் மானத்தை வாங்கினார். இந்தச் சொல்லுக்கு இன்றிருக்கும் காரம் பெரும்பாலும் சிசரோ ஏற்றியதே என்பது என் எண்ணம்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஆண்டனி, சீசரின் வாரிசு ஆக்டேவியன், இன்னொரு தளபதி லெபிடஸ் மூவரும் கைகோத்துக் கொலைப்பட்டியல் போட்டபோது சிசரோவின் பெயரும் அதில் ஏறியது. கி.மு. 43 டிசம்பர் 7 அன்று அவரைக் கொன்றார்கள். தலையோடு, அந்த உரைகளை எழுதிய கையையும் வெட்டி, ரோமின் பேச்சுமேடையிலேயே பார்வைக்கு வைக்கச் செய்தார் ஆண்டனி. அவருடைய மனைவி ஃபுல்வியா, செத்தவரின் நாக்கைக் கொண்டை ஊசியால் குத்தினார் என்றும் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. இன்றும் ஆங்கில ஏடுகள் நாடாளுமன்றச் செய்திகளில் இதைக் கையாள்கின்றன. கோபத்தில் வந்து விழும் ஒற்றை வரி ஏச்சுக்கு இது பொருந்தாது. வாதம் அடுக்கி, ஆதாரம் காட்டி, எதிராளியைப் பெயர் சொல்லிச் சாடும் நீண்ட உரைக்கே பொருந்தும். வணக்கம்.