சேலம் என்று எழுத ஒரு விசை குறைகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

பேச அழைத்தபோது, "உங்க பட்டன் போனைப் பற்றிச் சொல்லுங்க" என்றார்கள். முதலில் ஒரு திருத்தம். பட்டன் போன் என்றால் எண்கள் மட்டும் இருக்கும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் ஓடும். என் கையில் இருப்பது அது இல்லை. ஆண்ட்ராய்டு, வாட்ஸ்அப், மேப், பணம் அனுப்புகிற செயலி எல்லாம் உள்ள ஸ்மார்ட்போன்தான். திரைக்குக் கீழே மட்டும் ஆங்கில எழுத்து 26-ம் நிஜமான விசைகளாக இருக்கின்றன. அழுத்தினால் 'டிக்' என்று உள்ளே போய் வெளியே வரும்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவன். பழம் பறிக்கிற காலத்தில் சாயங்காலம் ஆட்கள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். தராசில் வைக்க வைக்க, யாருக்கு எத்தனை கிலோ என்று போனில் குறித்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பறிப்பு தொடங்குகிற நவம்பர் மாதத்தில் ஏற்காட்டில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சட்டை நனைந்திருக்கும்.

அப்போது என்னிடம் இருந்தது எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி கண்ணாடி போன்தான். ஒரு நாள் ஓர் அம்மாவின் மூட்டை 42 கிலோ. நான் 42 என்று தட்டினேன். திரையில் இருந்த நீர்த்துளியும் தன் பங்குக்கு ஒரு 2 தட்டியது. சத்தமாகப் படித்துக் காட்டுவது வழக்கம் என்பதால் தப்பித்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "ரைட்டரய்யா, நானூத்தி இருபத்திரண்டா? கூலியையும் அப்படியே போட்டுடுங்க" என்றார். பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. படித்துக் காட்டாமல் போன நாட்களில் என்னென்ன எழுதினேனோ?

தொடுதிரை மேல் மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கிறது. விரல் பட்டால் அந்தப் புலம் கலைகிறது, எங்கே கலைந்தது என்று பார்த்து போன் எழுத்தைப் போடுகிறது. தண்ணீரும் மின்சாரம் கடத்துகிற பொருள்தானே, அதனால் துளி எது, விரல் எது என்று அதற்குக் குழப்பம். கம்பளிக் கையுறை போட்டால் நேர்மாறு, விரல் இருப்பதே அதற்குத் தெரியாது. விசைப்பலகையில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு சிறு உலோகத் தகடு. அழுத்தினால் அது மடங்கி இணைப்பு ஏற்படுகிறது. விட்டால் பழையபடி நிமிர்கிறது. நீர்த்துளிக்கு அதை அழுத்துகிற பலம் கிடையாது, அவ்வளவுதான்.

தேடிப் பிடித்து ஒன்று வாங்கினேன். தேடித்தான் பிடிக்க வேண்டும். 2007-ல் ஐபோன் வந்த பிறகு எல்லாரும் ஒவ்வொருவராக விசைகளைப் பிடுங்கிவிட்டார்கள். பிளாக்பெர்ரி பெயரில் 2017-ல் கீஒன், 2018-ல் கீ2 என்று ஆண்ட்ராய்டில் வந்தன, 2020 ஆகஸ்டோடு அவற்றின் விற்பனையும் முடிந்தது. இப்போது யூனிஹெர்ட்ஸ் மாதிரி இரண்டொரு சின்ன கம்பெனிகள் செய்கின்றன. ஐபோனுக்கு உறை போல மாட்டிக்கொள்கிற கிளிக்ஸ் விசைப்பலகை 2024-ல் வந்தது. சேலத்தில் ஒரு கடையில் என் போனுக்குத் திரை ஒட்டக் கொடுத்தேன். கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கால்குலேட்டரா?" என்றான்.

ஆனால் எனக்கு அது பழைய வீட்டுக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது. பிளஸ் டூ லீவில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடியில் டைப்பிங் கற்றுக்கொண்டவன் நான். காலையில் ஆங்கிலம், 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்'. சாயங்காலம் தமிழ், 'யளனகபக'. இருபது மெஷின் ஒரே நேரத்தில் ஓடினால் கீழே மளிகை மண்டியில் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். மாஸ்டர் விசைகளின் மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்துவிடுவார். "எழுத்து எங்க இருக்குன்னு கண்ணு தெரிஞ்சுக்கக் கூடாது, விரல் தெரிஞ்சுக்கணும்" என்பார். தமிழ் மெஷினில் புள்ளி வைப்பது ஒரு தனி வித்தை. புள்ளியை முதலில் தட்ட வேண்டும், மெஷின் நகராது. பிறகு எழுத்தைத் தட்டினால் அதன் தலைமேல் புள்ளி இருக்கும். நகரா விசை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது செய்த ஏற்பாடு அது.

இந்தச் சின்ன போனில் பத்து விரலுக்கு இடமில்லை, இரண்டு கட்டைவிரல்தான். ஆனாலும் இரண்டு வாரத்தில் கட்டைவிரலுக்கு இடம் தெரிந்துவிட்டது. இப்போது என் கண் தராசு முள்ளில் இருக்கிறது, விரல் எண்ணைப் போடுகிறது. ஏற்காட்டுப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பார்க்காமலே செய்தி எழுதிக்கொண்டு வருகிறேன். வளைவில் போனைக் குனிந்து பார்த்தால் என்ன ஆகும் என்று மலைப் பேருந்தில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறை இல்லையா என்றால், நிறைய. திரை சதுரம், அதனால் சில செயலிகளில் கீழே இருக்கிற பொத்தான் பாதிதான் தெரியும். சினிமா பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பணம் அனுப்பும்போது ரகசிய எண் கேட்கிற பக்கம் தானே ஓர் எண்பலகையைத் திரையில் போட்டுக்கொள்கிறது, என் விசைகளை மதிப்பதே இல்லை. இதெல்லாம் பரவாயில்லை.

பெரிய குறை தமிழில் இருக்கிறது. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகைதான் எனக்குக் கம்ப்யூட்டரில் பழக்கம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதில் அழகான ஏற்பாடு. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும், நடுப்புள்ளி தானாக விழும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசை போதும், 247 எழுத்தும் வந்துவிடும். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்து 26 போக, அரைப்புள்ளி, அடைப்பு, சாய்கோடு என்று பக்கத்தில் இருக்கிற ஐந்து விசைகளைச் சேர்த்தால் கணக்கு சரியாக இருக்கும். என் போனிலோ அந்த ஐந்து விசைகள் கிடையாது.

நண்பரின் மகன் ஒரு செயலியைப் போட்டு தமிழ்99-ஐக் கொண்டுவந்து கொடுத்தான். ஆசையாக 'தமிழ்' என்று எழுதப் போனேன். ழ இல்லை. வீடில்லாமல் போன ஐந்து எழுத்து எவை தெரியுமா? ச, ஞ, ந, ய, ழ. ஏற்காடு என்று எழுதலாம், சேலம் என்று எழுத முடியாது. காபி எழுதலாம், பழம் எழுத முடியாது. நீ, நான் இரண்டும் இல்லை. ஙவுக்குத் தனி விசை இருக்கிறது பாருங்கள், அது எங்கள் மலையில் வருஷத்துக்கு ஒரு தடவை தனியாக வேலைக்கு வருமா?

ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழாக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பிள்ளைகள் அப்படித்தான் அடிக்கிறார்கள், வேகமாகவும் அடிக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. செவ்வாய்ப்பேட்டை மாடி விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்தப் பையனே ஒரு வழி செய்தான். ஆல்ட் என்கிற துணை விசையை அழுத்திக்கொண்டு ளவைத் தட்டினால் ழ, னவைத் தட்டினால் ந. இப்படி ஐந்துக்கும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்துக் கொடுத்தான். மூட்டைக் கணக்கில் 'பழம்' நூறு தடவை வரும், நூறு தடவையும் இரண்டு விசை. இடது கட்டைவிரல் ஆல்ட்டுக்கே நேர்ந்துவிட்ட விரலாகிவிட்டது.

இந்த உரையையும் அந்த போனில்தான் எழுதினேன், முக்கால்வாசி மலையிலிருந்து இறங்குகிற பேருந்தில். முடிவில் 'நன்றி' என்று போட வேண்டும், அதற்கு ஆல்ட்டைத் தேட வேண்டும். அடிவாரம் வந்துவிட்டது, வண்டி குலுங்குகிறது. 'வணக்கம்' என்றால் எல்லா எழுத்தும் நேராகவே வருகிறது.

வணக்கம்.